கீழ்ப் படியில் ஒரு சிவப்புக் கோடு

"மக்கா ஜெஸ்பினு, பூச்செடி நடக் குழி வெட்டுகியளா, இல்ல கெணறு தோண்டுகியளா?"

ஹார்டுவேர் கடைப் படியில் நின்றபடியே கேட்டார் பொன்னுலிங்கம். தெருவுக்கு அந்தப் பக்கம், பேரூராட்சிப் பூங்காவில் முழங்கால் ஆழப் பள்ளத்தில் நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்த ஜெஸ்பின் நிமிர்ந்தாள்.

"குழிதான் அண்ணாச்சி. கொஞ்சம் பெரிய குழி."

அவளோடு தெருக்காரர்கள் ஒரு கூட்டமே நின்றது. சனிக்கிழமை விடிந்தால் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், அய்யாவழிக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஒத்து வந்த நாள் அது ஒன்றுதான்.

பொன்னுலிங்கத்துக்கு அந்த இடத்தின் மேல் வேறு ஆசை. கடைக்குக் கம்பி கொண்டுவரும் லாரி நிற்க இடமில்லை. முள்ளும் குப்பையுமாகக் கிடந்த பூங்காவில் சல்லி கொட்டி, வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்று பேரூராட்சித் தலைவர் யேசுரத்தினத்திடம் பாதி சம்மதம் வாங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஜெஸ்பின் ஆட்களோடு போய், பூங்காவை நாங்களே பராமரிக்கிறோம் என்று நின்றாள். தலைவர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யட்டும், மறுநாள் நானே நேரில் வந்து பார்த்து, பூங்காவா சல்லியா என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன் என்றார்.

அப்போதே ஜெயித்துவிட்டதாகப் பொன்னுலிங்கம் நினைத்தார். அந்தத் தெரு ஒரு சட்டியின் அடி மாதிரி. மழை வலுத்தால் மூன்று பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும்.

"எங்கடையில மூணாவது படி வரைக்கும் வருசா வருசம் முங்குது. அதுக்கும் கீழ கெடக்க பூங்கா தப்புமா?" என்று கம்பி வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

ஜெஸ்பினின் ஆட்களோ மேடாக்க வேண்டிய இடத்தை மேலும் பள்ளமாக்கினார்கள். வெட்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாகக் குவித்து நடைபாதை போட்டார்கள். பள்ளத்தில் உடைந்த ஓடும் மணலும் பரப்பினார்கள். ரோஜா வைப்பார்கள் என்று பார்த்தால் சேம்பும் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்தார்கள். போதாததற்குத் தெருப்பக்க மதிலின் அடியில் இரண்டு பெரிய ஓட்டைகள். நாய் வந்து போகவா என்று அவர் விசாரித்ததற்கு, ஒரு விருந்தாளி வரவேண்டியிருக்கிறது அண்ணாச்சி என்றாள் ஜெஸ்பின்.

ஒருநாள் அவர் கடைக்கே வந்து மட்டம் பார்க்கும் டியூப் கேட்டாள். எந்தப் பொருளையும் விளக்காமல் விற்கிற பழக்கம் பொன்னுலிங்கத்துக்கு இல்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் அந்த நீளக் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தார்.

"ஒரு முனை இங்க, மறுமுனை தெருக்கோடியில இருந்தாலும் ரெண்டு பக்கமும் வெள்ளம் ஒரே மட்டத்துலதான் நிக்கும். நடுவுல குழாய் எப்படி வளஞ்சு கெடந்தாலும் கவலையில்ல. உள்ள காத்துக் குமிழி மட்டும் இருக்கப்பிடாது, தட்டி விட்டுரு. வெள்ளம் பொய் சொல்லாது மக்கா."

மறுநாள் அந்தக் குழாயின் ஒரு முனையைப் பூங்காப் பள்ளத்தின் விளிம்பில் ஜெஸ்பின் பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் கொத்தனார் ஷாஜன் அவருடைய கடையின் கீழ்ப் படியிலேயே கொண்டுவந்து வைத்தான். சிவப்புப் பெயின்டால் ஒரு கோடும் போட்டான். அந்தப் படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். ஆக்கிரமிப்பைத்தான் அளக்கிறார்கள் என்று பொன்னுலிங்கம் முடிவே கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துப் பார்த்தார். கோடு போகவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒரு மாலையில் வானம் கறுத்து இறங்கியது. எல்லா வருடமும் செய்வதுபோல் சிமெண்ட் மூட்டைகளை ஆள் வைத்து உயரப் பலகைக்கு ஏற்றிவிட்டு, மாடியில் போய்ப் படுத்தார். மழை விடியும்வரை விடவில்லை.

வெளிச்சம் வந்ததும் ஜன்னலைத் திறந்தார். கடையின் தகரச் சாய்ப்பு தெருவை மறைத்தது. அதற்கு அப்பால் பூங்கா இருந்த இடத்தில் ஒரு குளம் நின்றது. கல்வாழைப் பூக்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தலை காட்டின. வரப்பின் மேல் ஜெஸ்பினும் கூட்டமும் நனைந்த கோழிகளாய் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். துக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தலைவருக்குப் போன் போட்டார்.

"சார், இப்பவே வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க."

சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷட்டரைத் தூக்கினார். பார்வை பூங்காவை விட்டு நகரவில்லை. படியிறங்கித் தெருவைக் கடந்து மதிலோரம் போய் நின்றார்.

"பாத்தியா மக்கா? அன்னைக்கே சொன்னேன். முங்கிட்டு."

"ஆமா அண்ணாச்சி," என்றாள் ஜெஸ்பின், முகமெல்லாம் சிரிப்பாக. "விளிம்பு வரைக்கும்."

தலைவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யேசுரத்தினம் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். பூங்காவைப் பார்த்தார். கடைசியில் பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்.

"அது சரி அண்ணாச்சி, செருப்ப எதுக்குக் கையில பிடிச்சிருக்கீங்க?"

பொன்னுலிங்கம் குனிந்தார். உள்ளங்காலில் ஈரம், அவ்வளவுதான். தெருவில் மிச்சமிருந்த தண்ணீர் கோடுபோல ஓடி, மதிலின் ஓட்டைகள் வழியே பூங்காவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார். பள்ளம் நிறைந்தாலும் தண்ணீர் இதற்கு மேல் ஏறாது என்று கீழ்ப் படியில் ஷாஜன் போட்ட சிவப்புக் கோட்டை வெள்ளம் தொடவே இல்லை.

செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். சாரத்தை இறக்கிவிட்டார். தொண்டையைச் செருமினார்.

"நம்ம கடை டியூபு வச்சு மட்டம் பாத்தது சார். இதுல போயி யாராவது சல்லி கொட்டுவாங்களா?"