அகலமான அட்டவணை

எல்லாம் இப்படியே நடந்ததா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. ஆய்வேடுகளைப் பக்கம் பக்கமாக வடிவமைக்கும் லேடெக் மென்பொருளில் வரும் பிழைகளை இயந்திரமே திருத்திவிடும் காலம் அது. அதன் திருத்தக் குறிப்புகளை எங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் எஸ்தர் அக்கா மட்டும் வரி விடாமல் படிப்பார்.

“பிழையே இல்லைன்னு வந்திருச்சேக்கா. அஞ்சு மணிதான் கடைசி,” என்றான் புது மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வேட்டைக் கொடுக்க வந்திருந்த இளம்பரிதி.

“பக்கத்துக்குள்ள அடங்கலைன்னு ஒரு அட்டவணையை மெஷினே நீக்கிருச்சு தம்பி. அதுல என்ன இருந்துச்சு?”

அவ்வளவு அமைதியாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“சோதனையில மருந்து ஒத்துக்காம செத்த நாலு பேரு.”

“படுக்கவாட்டுல திருப்பி வச்சா அடங்கும். ஆனா முடிக்க ஆறு மணியாயிரும்.”

“வைங்கக்கா.”

அக்கா பிறகு மதுரைக்கு மாற்றலாகிப் போனார். இளம்பரிதிக்கு ஓராண்டு கழித்தே பட்டம் கிடைத்தது. அந்த மருந்து எந்தக் கடைக்கும் வரவில்லை.