பியானோ வகுப்பை நிறுத்தச் சொன்ன கடிதம்

குழந்தைகளுக்கான கோடை பியானோ வகுப்பை நிறுத்தச் சொல்லி, குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது.

"கீழ் வீட்டு நர்ஸ்தான் எழுதியிருப்பா. நைட் டூட்டி முடிச்சுட்டு பகல்ல தூங்குறவ அவதானே," என்றார், வகுப்பு எடுக்கும் பியானோ டீச்சரின் கணவர். அவருக்கு வீட்டிலிருந்தே வேலை.

டீச்சர் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள்.

"எட்டுப் பிள்ளைங்க வாசிக்கிறது உன் கண்ணை உறுத்துதா?"

"கண்ணை இல்ல, காதை. ஆனா நான் எழுதினா பேர் போட்டுத்தான் எழுதுவேன்." நர்ஸ் கதவை அறைந்து சாத்தினாள்.

மறுநாளிலிருந்து டீச்சர் பிள்ளைகளை இன்னும் சத்தமாக வாசிக்க வைத்தாள். நர்ஸ் துடைப்பக் கட்டையால் கீழிருந்து இடித்தாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. சங்கச் செயலாளர் இந்த முறை அதை டீச்சரிடமே கொடுத்துவிட்டார். அவள் படித்துப் பார்த்தாள். கீழ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக்கு ஏறி வந்தாள்.

"என்ன ஆச்சு? நர்ஸ்தானே?" என்றார் கணவர்.

டீச்சர் கடிதத்தை அவர் மடியில் போட்டாள்.

"பத்தொன்பது வருஷமா பார்க்கிற கையெழுத்து எனக்குத் தெரியாதா? நாளையிலேருந்து பியானோ நம்ம பெட்ரூம்ல. காலையில ஆறு மணிக்குக் கிளாஸ். அந்த நேரத்துல நர்ஸ் ஆஸ்பத்திரியில இருப்பாங்க, அவங்களுக்குத் தொந்தரவு இல்ல."