முதுகில் தைத்த பெயர்

அமெரிக்க உள்நாட்டுப் போர்; தெற்கத்தியர்களின் பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன. வர்ஜீனியாவின் பைன் மரங்களுக்கிடையே புகை இன்னும் கலையவில்லை. சாயும் வெயில் அதற்குள் நுழைந்து மஞ்சளாய்க் கலங்கி நிற்கிறது. வடக்குப் படைச் சிப்பாய் லெமுவேல் காப்பிக்கொட்டையைத் துணியில் முடிந்து, கல்மேல் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் இடிக்கிறான். மருந்து பொதிந்த தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கடித்து உதடெல்லாம் வெடிமருந்துக் கரி. எதிரே அவன் கூட்டாளி எஸ்ரா மண்டியிட்டு ஈரச் சுள்ளிகளை ஊதுகிறான். தீ பிடிப்பதாயில்லை. அவன் முதுகில் ஒரு காகிதத் துண்டு படபடக்கிறது: அவன் பெயர், ஊர். செத்து விழுந்தால் யாருடைய பிள்ளை என்று தெரிய வேண்டுமே என்று, காலையில் தாக்குதலுக்குப் புறப்படும் முன் ஒருவர் முதுகில் மற்றவர் தைத்துவிட்டது.

“டேய், அசையாம இரு.” லெமுவேல் அதைப் பிய்த்தெடுக்கிறான்.

“அடப்பாவி, அது என் பேருடா!”

“கேட்டா நீயே வாயைத் திறந்து சொல்லப்போறே. இது எதுக்கு? கொளுத்து.”

எஸ்ரா சிரிக்கிறான், கரிய உதடுகளுக்கிடையே பற்கள் பளிச்சிடுகின்றன. “நாளைக்கு?”

“நாளைக்குன்னா நாளைக்கு எழுதிக்கலாம். இப்போ காப்பி குடிக்கணும்.”

காகிதம் சுருண்டு எரிகிறது. ஒரு சுள்ளி பற்றுகிறது. தகரக் குவளையின் அடியில் நெருப்பு மெல்ல நாக்கை நீட்டுகிறது. லெமுவேல் திரும்பி உட்கார்ந்து தன் முதுகைக் காட்டுகிறான்.

“என்னோடதையும் பிச்சுப் போடு. தண்ணி சீக்கிரம் கொதிக்கட்டும்.”