மகிழ்ச்சித் தளபதி

விளம்பரத்தைப் படித்துவிட்டு மனைவி சிரித்தாள். “மகிழ்ச்சித் தளபதியா? சாஃப்ட்வேர் கம்பெனியில இப்படியெல்லாமா வேலை இருக்கு?”

“பேரு என்னவா இருந்தா என்ன, வேலைன்னு ஒண்ணு கிடைச்சா சரி,” என்று அவன் அலுப்போடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நேர்காணலில் மேலாளர் கேட்டார். “எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் அழுதா என்ன செய்வீங்க?”

“தண்ணி கொடுத்துட்டுப் பேசாம இருப்பேன் சார். ஆறுதல் சொன்னா எரிச்சல்தான் வரும்.”

“கத்தினா?”

“கத்தி முடிக்கட்டும்னு விட்டுடுவேன். அப்புறம் வாசல் வரைக்கும் கூடவே போவேன். அந்த தூரத்தைத் தனியா நடக்கிறதுதான் கஷ்டம்.”

மேலாளர் அசந்துபோனார். “நாளைக்கே சேர்ந்துடுங்க. ஆளுங்களைக் கூப்பிட்டு, வேலை போச்சுன்னு சொல்றதுதான் இங்க உங்க வேலை. ஆமா, இதுக்கு முன்னாடி நிறைய பேரை அனுப்பியிருக்கீங்களோ?”

“இல்ல சார்,” என்றான் அவன். “மூணு கம்பெனியில என்னைத்தான் அனுப்பினாங்க.”