நாலா, அஞ்சா?

"அஞ்சு இருக்கும்போது நாலை எதுக்கு அக்கா என் தலையில கட்டறீங்க? என் வண்டி உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?"

முசெம்பி மேஜையைத் தட்டிய வேகத்தில் டீ கிளாஸ் குதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மும்புவா சட்டென்று பிடித்துக்கொண்டாள். பாதி டீ இன்னும் பாக்கி இருந்தது.

நைரோபியில் வண்டிச் சாமான் விற்கும் கிரோகன் பேட்டையில், வாங்கேசி அக்காவின் ஆயில் கடை. மூலையில் இரண்டு பீப்பாய்கள். ஒன்றின்மேல் 4, மற்றதன்மேல் 5 என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. கியர் ஆயிலில் அவை இரண்டு ரகம். எதை வாங்குவது என்றுதான் முக்கால் மணி நேரமாக ரகளை.

"தம்பி, நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னு யார் சொன்னது?" என்றாள் வாங்கேசி. "அஞ்சு, லாரியோட பின் அச்சுக்குப் போடறது. உன் கார் கியர் பாக்ஸுக்கு நாலுதான்."

"அக்கா, நான் கணக்கு வாத்தியார். அஞ்சு பெருசா, நாலு பெருசான்னு எனக்கே பாடமா?"

மும்புவா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை அடக்கும் மனுஷன், ஜப்பானிலிருந்து இறங்கிய அந்த நீலப் பந்தயக் காரைக் கண்டால் தானே பிள்ளையாகிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மச்சாகோஸ் பக்கம் பந்தயம். இந்த ஒரு வருஷத்தில் இரண்டு கியர் பாக்ஸைத் தின்று தீர்த்திருந்தான்.

போன மாதம்தான் மூன்றாவதை மாட்டினான். மாட்டுவதற்கு முன்னால் மும்புவா அவனைப் பாதிரியார் முன் நிறுத்தி வாக்கு வாங்கிவிட்டாள். இந்தப் பெட்டியும் உடைந்தால் கார் போகும். அந்த இடத்தில் இரண்டு கறவை மாடு வரும். கொட்டகைக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். கார் நிற்கும் இடம்தான்.

"சொன்னாக் கேளு தம்பி," வாங்கேசி விடுவதாக இல்லை. "கியர் பாக்ஸுக்குள்ள பித்தளை வளையம் இருக்கு. அஞ்சுல கலந்திருக்கற மருந்து அதை அரிச்சுத் தின்னுடும். அப்புறம் செகண்ட் கியர் போடும்போதெல்லாம் கறக் கறக்னு கல்லு அரைக்கும்."

மும்புவாவின் காது நிமிர்ந்தது. போன இரண்டு பெட்டியும் அப்படித்தான் கல் அரைத்தன. அப்போதும் ஐயா வேறு கடையில் வாங்கி அஞ்சுதான் ஊற்றியிருந்தார்.

"அரிக்க எத்தனை நாளாகும் அக்கா?" என்று பதமாகக் கேட்டாள்.

"இவரு அடிக்கற அடிக்கு? மழைக்காலம் தொடங்கறதுக்குள்ள போயிடும்."

மழை வந்தால் புல் முளைக்கும். புல் முளைத்தால் மாடு வாங்க அதைவிட நல்ல நேரம் ஏது! மும்புவாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீயைக் குடிப்பதுபோல் வாயை மறைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க சொல்றதுதான் சரி," என்றாள். "பந்தயக் காருக்குப் போய் நாலா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? அஞ்சே வாங்குங்க."

முசெம்பி அவள் பக்கம் திரும்பினான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், கார் விஷயத்தில் பெண்டாட்டி அவன் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை. அவன் கண் கலங்கியேவிட்டது.

"கேட்டீங்களா அக்கா? வீட்டுல விளக்கெரியுது, கடையிலதான் இருட்டு. அஞ்சே ஊத்துங்க. என் கண் முன்னாடி ஊத்துங்க."

"தம்பி, நான் உன் நல்லதுக்குத்தான்…"

"ஊத்துங்கக்கா!"

வாங்கேசி பெருமூச்சு விட்டாள். 5 என்று எழுதிய பீப்பாயின் குழாயைத் திறந்து டப்பாவை நிரப்பினாள். முசெம்பி அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன், நீ டீயைக் குடிச்சிட்டு மெதுவா வா ராசாத்தி," என்று கிளம்பினான். ராசாத்தியாம்! மும்புவாவுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மாடு மாடுதான். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

அவள் டீயை முடிப்பதற்குள், பின்வாசல் வழியாக ஒருவன் புதுப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நாலாம் நம்பர் சரக்கு வந்திருக்கு. வழக்கம்போலத்தானே?"

"வழக்கம்போலத்தான். சாக்பீஸ் அந்த ஜன்னல்ல இருக்கு. மேல பெருசா அஞ்சுன்னு எழுதி, உள்ள உருட்டு."

மும்புவாவின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. "அப்போ… அந்த 4 எழுதின பீப்பாய்ல என்ன இருக்கு?"

"காத்து!" வாங்கேசி விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலுன்னு எழுதி மூணு வருஷம் வித்துப் பாத்தேன், தங்கச்சி. ஒரு ஆம்பளை வாங்கல. இப்ப நாலு வாங்கு, நாலு வாங்குன்னு நான் கெஞ்சக் கெஞ்ச, அடம்பிடிச்சு அஞ்சு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. வண்டியும் பொழைக்குது, கடையும் பொழைக்குது."

மும்புவாவின் முகம் போன போக்கைப் பார்த்த வாங்கேசி, எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"அட, பயந்துட்டியா? உன் வீட்டுக்காரர் கியர் பாக்ஸ் இன்னும் பத்து வருஷத்துக்கு அசையாது, நீ சந்தோஷமாப் போயிட்டு வா!"