நடுப்பல் இல்லாத பெக்கோ

“இடது கையால இப்பிடி அசைச்சா மெசின் சுத்தும். வலது கையால அள்ளுங்க, கொட்டுங்க. வேற ஒண்டும் இல்ல தம்பி.”

யோகேஸ்வரன் கதவோரம் நின்று சொல்லித் தந்தார். நான் பெக்கோவின், அந்த மண் தோண்டும் இயந்திரத்தின், ஆசனத்தில் இருந்தேன்.

முன்னால் கயிறு கட்டிய மணல் திடல். அதற்கப்பால் வாவி. மழை இருட்டில் தண்ணீர் ஈயம்போலக் கிடந்தது.

வாசலில் பலகை: பெக்கோ ஓட்டிப் பாருங்கள், பதினைந்து நிமிடம். ஒரு குழி தோண்ட வேண்டும். பிறகு அதை மூட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நான் வந்தபோது ஒரு குடும்பம் வெளியே போய்க்கொண்டிருந்தது. “வீட்ட மண்வெட்டி புடிக்கத் தெரியா, இஞ்ச வந்து பெக்கோ!” என்று மனைவி கணவனின் முதுகில் தட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் விளையாட வரவில்லை.

மண் அள்ளும் இந்தப் பக்கெட்டில் ஐந்து பற்கள் இருக்க வேண்டும். நடுப்பல் இல்லை. பேஸ்புக்கில் இவர்களுடைய விளம்பரத்தைக் கண்டபோது முதலில் அந்த இடைவெளியைத்தான் கண்டேன். நான்கு வருடமாக அதை எனக்குத் தெரியும்.

நிஸ்றாவை மூடியது இந்தப் பெக்கோதான்.

அவளும் நானும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே வகுப்பு. கலியாணம் முடித்து பதினான்கு மாதம். பிறகு கொரோனா.

வீட்டில் எல்லோருக்கும் தொற்று. நிஸ்றா தப்பவில்லை. நான் தனிமைப்படுத்தல் நிலையத்தில், ஜன்னலோரக் கட்டிலில். எங்கள் ஆட்களில் ஒருவரும் அவளை அடக்க மையவாடிக்குப் போகவில்லை. யாரோ ஒரு தொண்டர் அடக்கத்தை வீடியோ எடுத்து அனுப்பினார். நாற்பத்தொரு விநாடி.

தொடக்கத்தில் ஒரு மனிதர் குழியின் விளிம்பிலிருந்து திரும்பி வருகிறார். இரண்டு கைகளையும் காற்சட்டையில் அழுத்தித் துடைக்கிறார், தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டவர்போல. பெக்கோவில் ஏறுகிறார். நான்கு பக்கெட் மண். முடிந்தது.

அவர் கை துடைப்பதை எத்தனை தரம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

அந்த மனிதர்தான் இப்போது என் தோளருகில் நின்று, வெற்றிலை மணக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

வரும்போது என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆசனத்தில் ஏறியதும் தெரிந்தது.

முதல் பக்கெட் கோணலாக விழுந்தது. இரண்டாவது நேராக. மூன்றாவதிலிருந்து கை தானாகப் போனது.

“ஏலுமே உங்களுக்கு! முந்தி ஓட்டினீங்களோ?”

“இல்ல அண்ணன். பாத்திருக்கன்.”

குழி நீளமாக வந்தது. ஆறடி இருக்கும். அகலம் இரண்டரை.

“இதென்ன தம்பி, வாய்க்காலோ?” என்று சிரித்தார்.

நான் மூடுவதற்காகப் பக்கெட் நிறைய மணலை அள்ளி உயர்த்தினேன்.

“கொஞ்சம் பொறுங்க, மூடிராதீங்க.”

இறங்கிப் போனார். குழியின் விளிம்பில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உயர்த்திய பக்கெட்டின் கீழ் ஒருவரும் நிற்கக்கூடாது என்று பலகையில் சிவப்பு எழுத்தில் இருந்தது.

இடது கையை மெதுவாக அசைத்தேன். பெக்கோ திரும்பியது. பக்கெட் அவருடைய தலைக்கு மேலே வந்து நின்றது. நடுப்பல் இல்லாத இடத்தால் மணல் கசிந்து அவருடைய தோளில் விழுந்தது. அவர் மேலே பார்க்கவில்லை.

இனி வலது கை. ஓர் அங்குலம் போதும்.

என் கை லீவரில் உறுதியாக இருந்தது. அது எனக்கே பயமாக இருந்தது.

அவர் குனிந்தார். இரண்டு கைகளாலும் மணலை அள்ளிக் குழிக்குள் போட்டார். மறுபடி அள்ளிப் போட்டார். மூன்றாம் தரமும். பிறகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

“என்ன அண்ணன் செய்றீங்க?” என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

“அதொரு பழக்கம் தம்பி.” வெட்கப்பட்டவர்போலத் தலையைச் சொறிந்தார். “கொரோனா நேரம் மையவாடில இந்த மெசினோடதான் நிண்டன். முஸ்லிம் ஆக்கள் மூண்டு புடி மண் போடுவாங்கதானே. சொந்தக்காரர் ஒருத்தரும் வராத குழியெண்டா, நான் இறங்கிப் போய்ப் போட்டுட்டுத்தான் மெசின்ல ஏறுவன். இப்ப எந்தக் குழிய மூடப் போனாலும் கை தன்பாட்டில போகுது.”

அப்போதுதான் தலைக்கு மேலே பார்த்தார்.

“என்னையும் சேத்து மூடப் போறீங்களோ?”

சிரித்துக்கொண்டே விலகி நின்றார்.

பக்கெட் அந்தரத்தில் நின்றது. லீவரிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன். விரல்கள் விரியவில்லை.

வீடியோ, அந்த மூன்று பிடிக்குப் பிறகு, அவர் திரும்பி வந்து கைகளைத் துடைக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.