வலிக்காத புண்

பேருந்துப் பணிமனை ஓய்வறையில், ஜன்னல் வெயில் விழும் இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார் நர்ஸ். சர்க்கரை நோயுள்ள ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், மாதாமாதம் அவரே இங்கே வந்துவிடுகிறார். மூத்த ஓட்டுநரின் பாதத்தை மடியில் ஏந்தி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறார். சுண்டுவிரலுக்கு அடியில் மிளகளவு புண். "இது எப்பண்ணே வந்துச்சு?" "புண்ணா? வலிக்கவே இல்லையேம்மா." "வலிச்சிருந்தா நீங்களே ஓடி வந்திருப்பீங்க." பஞ்சை நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக் கட்டுப் போடுகிறார். "இப்பவே பார்த்துட்டோம், ஆறிடும். அதுவரைக்கும் இந்த ஷூ வேண்டாம்." ஓட்டுநர் காலில் போட்ட கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும். காலை எடுக்கும்போதுதான் எங்களுக்கே தெரிஞ்சுது," என்கிறார் மெதுவாக. 'எனக்குக் கால் கூசும்' என்று இதுவரை நழுவிக்கொண்டிருந்த நடத்துநர், பெஞ்சில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கிறார்.